பள்ளியின் நான்காவது மூலை

2025 ஏப்ரல் 19, சனி. காலை 9.40. மண்டபத்தில் 63 பேர்.

பள்ளியில் படிப்பவர்கள் 1,846. பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 63. அதில் பதினொரு பேர் ஆசிரியர்கள். நான்கு பேர் மீ ஹூன் நூடுல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க வந்தவர்கள்.

அம்மாவுக்கு வேலை, அப்பா எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில். அதனால் தங்கை ரூபினிக்காக நான் போனேன். ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். சுங்கை மெலூர் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று, இரண்டு வகுப்புப் பிள்ளைகள் ஏன் இன்னும் மத்தியானம் படிக்கிறார்கள்? நான் 2010-இல் படிவம் ஒன்றுக்குப் போனபோதும் மத்தியான வகுப்புதான். அப்போதே 'அடுத்த வருஷம் மாறிடும்' என்றார்கள்.

முதல்வர் புவான் ரொஸ்னா மறைக்காமல் பதில் சொன்னார். வகுப்புகள் 52, அறைகள் 34. புதிய கட்டடத்துக்கு இரண்டு முறை விண்ணப்பித்தார்களாம். இரண்டு முறையும் ஒரே பதில்: பள்ளி வளாகத்தில் காலி நிலம் இல்லை. திடலில் கட்ட விதி இடம் கொடுக்காது. மூன்றாவது விண்ணப்பம் ஜூன் கடைசிக்குள் போக வேண்டும். கூடவே பள்ளி வளர்ந்த வரலாறும் கட்டட வரைபடமும் வேண்டும். பழைய வரைபடத்தைத் திரையில் காட்டினார்.

எனக்கு வாய் நிற்கவில்லை. "இதை யாரு வரைஞ்சது? வடக்குன்னு போட்ட அம்பு தெக்கப் பாக்குது."

சங்கத் தலைவர் ஷேக் தாவூது பாய் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். கடைத்தெருவில் நாசி, அதாவது சோற்றுக் கடை வைத்திருக்கும் அதே பாய்.

"தம்பி என்ன வேலை?"

"நில அளவை டெக்னீஷியன்."

"அட, நம்ம ஆளுதான்லா! வரலாறு, வரைபடக் குழுவுக்கு இவரை முன்மொழியிறேன்."

வழிமொழியப் பதினேழு கை. நான் மறுப்பதற்குள் கை தட்டிவிட்டார்கள். இந்த ஊரில் கூட்டத்தில் யார் வாயைத் திறக்கிறானோ அவன் தலையில் வேலை. அதனால்தான் மற்ற 1,783 பேர் வருவதில்லை போல.

மீ ஹூனும் தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 20, ஞாயிறு

கோபம் தணிந்ததும் கணக்குப் போட்டேன்.

அம்மா மீன் உருண்டைத் தொழிற்சாலையில் முதல் ஷிப்ட். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி மத்தியானம் இரண்டரைக்கு வருவார். ரூபினியின் பஸ் 11.50-க்கு எடுக்கும், இரவு 7.45-க்குக் கொண்டுவந்து விடும். அம்மா நாலரைக்கு எழ வேண்டும் என்பதால் எட்டரைக்குப் படுத்துவிடுவார். ஆக இருவரும் விழித்த நிலையில் ஒரே கூரையின் கீழ் இருப்பது நாற்பத்தைந்து நிமிடம். அதில் ஒருத்தி குளிப்பாள், ஒருத்தர் துணி மடிப்பார்.

மீதிப் பேச்சு குளிர்பெட்டிக் கதவில் நடக்கிறது, மஞ்சள் தாளில்.

'அம்மா, கணக்குல 71. கையெழுத்து வேணும்.'
'போட்டாச்சு. ஏன் 71?'
'நெறய பேரு அதுக்கும் கீழ.'

நேற்று ஒட்டியிருந்தது: 'அம்மா, உங்ககிட்ட பேசணும். எப்ப நேரம்?' கீழே அம்மாவின் கையெழுத்தில், 'ஞாயிறு.'

இன்று ஞாயிறு. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளை தாயிடம் பேச நேரம் கேட்டு எழுதிப் போடுவது என்ன கொடுமைடா? பதினெட்டு அறை இருந்தால் தீரும் விஷயம். பதினெட்டே பதினெட்டு.

சரி. குழுவில் இருக்கிறேன்.

ஏப்ரல் 26, சனி

பாய் கடையில் முதல் கூட்டம். குழு என்றால் மூன்று பேர்: பாய், நான், வரலாற்று ஆசிரியை அஃபிஃபா. நன்றாகப் படித்தவர், என்னை மாதிரியே வாய்.

பள்ளி 1968-இல் மூன்று வகுப்போடு தொடங்கியது. 104 பிள்ளைகள், ஒரு பலகைக் கட்டடம். தோட்டக் கம்பெனி கொடுத்த நிலம். 1977-இல் முதல் கல் கட்டடம், 1994-இல் அறிவியல் கூடம், 2011-இல் மண்டபம். இதெல்லாம் கல்வெட்டில் இருக்கிறது. ஆண்டுவாரியான மாணவர் எண்ணிக்கை இல்லை. பழைய பதிவேடுகள் வெள்ளத்தில் போய், நனைந்த தாளைக் கறையான் முடித்துவிட்டது. மிச்சம் இருப்பது வருஷா வருஷம் எடுத்த முழுப்பள்ளிப் படங்கள்.

"படத்துல தலைய எண்ணிடலாம்," என்றேன்.

"தீபன் சார், வரலாறு டேப் புடிச்சு அளக்குற விஷயம் இல்ல."

"அப்ப எத வெச்சு அளப்பீங்க டீச்சர்?"

"பொறுமைய வெச்சு."

"அது என்கிட்ட இல்ல."

"தெரியுது."

பாய் சிரித்ததில் தே தாரே தேநீர் மேசையில் கொட்டியது. படங்கள் தப்பித்தன.

மே 3, சனி

1974-ஆம் ஆண்டுப் படத்தை ஸ்கேன் செய்து, கணினியில் ஒவ்வொரு தலைக்கும் ஒரு புள்ளி வைத்தேன். அகலம் போதாமல் படக்காரர் மூன்று துண்டாக எடுத்து ஒட்டியிருக்கிறார். மொத்தம் 318. இரண்டு முறை சரிபார்த்தேன். டீச்சருக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டை விரல் மட்டும்.

மே 4, ஞாயிறு

316.

பாயிடம் படத்தைக் காட்டினேன். "இது நான்," என்று இடது ஓரத்தைத் தொட்டார். "இதுவும் நான்," என்று நடுவைத் தொட்டார். ஒரு துண்டு எடுத்து முடித்ததும் பின்னாலேயே குனிந்து ஓடி அடுத்த துண்டில் நின்றிருக்கிறார். "இந்தா, இங்க மூணாவது. கடைசி ஓட்டத்துல முன்வரிசை நெறஞ்சு போச்சு தம்பி. கல்லு மேல ஏறிட்டேன்."

அறுபத்தைந்து வயது மனிதர், சங்கத் தலைவர், வெட்கமே இல்லாமல் சிரிக்கிறார். வேறு யாராவது ஓடினார்களா என்று கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சு நான் மட்டும்தான். மத்தவனுக்கு எல்லாம் பயம்."

எண்ணிக்கை கிடக்கட்டும். அந்தக் கல். பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்சதுரமாக, தலை மழுங்கிய கல். சாதாரணக் கல் இல்லை அது.

மே 10, சனி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

நில அலுவலகத்தில் பட்டா வரைபடத்தின் நகல் வாங்கினேன். பள்ளி நிலத்துக்கு நான்கு மூலை, நான்கு எல்லைக்கல். காலையில் ஜிபிஎஸ் கருவியோடு போனேன். வாயிலோரம் ஒன்று இருந்தது. சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் ஒன்று. பெரிய கால்வாய் பக்கம் ஒன்று, பாதி களிமண்ணில். நான்காவது வேலியில் இல்லை. வேலி அந்த மூலைக்குப் போகவே இல்லை. குறுக்கே சாய்வாக ஓடுகிறது.

கருவி காட்டிய இடத்துக்கு வேலியைத் தாண்டிப் போனேன். செம்பனை மட்டைகளை அடுக்கிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன். கையெல்லாம் முள். எறும்புக் கடி வேறு. அடியில் இருந்தது கல். பட்டாவில் உள்ள அதே எண், மேலே வெட்டியபடி. பாய் ஏறி நின்ற அதே கல்.

ஒரு பக்கம் 58.3 மீட்டர். இன்னொரு பக்கம் 81.2. சாய்வு வேலி 99.96. செங்கோண முக்கோணம். பரப்பு 2,367 சதுர மீட்டர். இப்போது அதில் தோட்டத்தின் செம்பனை, முப்பத்தொரு மரம்.

காலி நிலம் இல்லையாம்! இரண்டு முறை சொன்னார்கள்! வேலிக்கு வெளியே அரை ஏக்கருக்கு மேல் பள்ளியின் நிலம் கிடக்கிறது, ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் உள்பட. ஐந்து வருஷம் அந்த வேலி ஓரமாக நின்று வெளியே ஐஸ்கிரீம் வாங்கியிருக்கிறேன்.

மே 12, திங்கள்

விசாக விடுமுறை. புவான் ரொஸ்னாவுக்கு வரைபடம் அனுப்பினேன். வடக்கு வடக்கைப் பார்க்கிறது.

உடனே போன். நான்கு முறை 'பெத்துல் கா?', உண்மைதானா, என்று கேட்டார். நான்கு முறையும் ஆமாம் என்றேன்.

மே 16, வெள்ளி

அவ்வளவு சுலபமில்லை.

தோட்ட மேனேஜர் பாலனைப் பார்க்கப் போனோம், பாயும் நானும். நல்ல மனிதர்தான், குளிர்பானம் கொடுத்தார். ஆனால் மூலை அவருடையது என்கிறார். 1979-இல் அப்போதைய மேனேஜரும் அப்போதைய தலைமையாசிரியரும் பேசி, அந்த மூலையைத் தோட்டத்துக்கு விட்டுக்கொடுத்தார்களாம். அவருக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"எழுத்துல இருக்கா சார்?"

"வேலி இருக்கே தம்பி. அத விட என்ன எழுத்து? யாராச்சும் சும்மா போற போக்குல மூலைய வெட்டி வேலி போடுவாங்களா?"

ஏன் வெட்டினார்கள்? எனக்கே புரியவில்லை.

பட்டா பள்ளியின் பெயரில்தான் இருக்கிறது, சட்டப்படி நமக்குத்தான் என்று மாவட்ட அதிகாரியும் சொல்கிறார். ஆனால் தகராறு உள்ள நிலத்துக்குக் கட்டடம் எழுதிக் கொடுக்க மாட்டாராம். இரண்டு தரப்பும் ஜூன் 18 வந்து பேசி முடிக்க வேண்டும். முடியாவிட்டால் வழக்கு. வழக்கு என்றால் ரூபினி படிவம் ஐந்தை முடித்துவிடுவாள்.

மே 18, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு உடையப்பன் பெரியப்பா வழக்கம் போல வந்தார். அப்பாவின் அண்ணன். எழுபது வயது, இரண்டு வீடு தள்ளித் தனியாக இருக்கிறார். ஆட்டுக்கறி. எல்லோரும் நல்ல மூடில்தான் இருந்தோம். நான்தான் கெடுத்தேன்.

வேலிக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்லச் சூடேறிவிட்டது. "எந்த மடையன் அந்த வேலியப் போட்டானோ தெரியல. மூலைன்னா என்னன்னே தெரியாதவன். ஒரு ஆளோட சோம்பேறித்தனம், நாப்பத்தாறு வருஷமா பிள்ளைங்க ராத்திரி வீட்டுக்கு வருதுங்க."

பெரியப்பா தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்து கை கழுவினார்.

"என்ன மாமா, கறி காரமா?" என்றார் அம்மா.

"வயிறு சரியில்ல," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பெரியப்பாவுக்கு வயிறு சரியில்லாமல் போய் நான் பார்த்ததே இல்லை.

மே 19, திங்கள்

பெரியப்பா போனை எடுக்கவில்லை.

மே 24, சனி

மடையன் நான்தான்.

பாயிடம் 1979-ஐப் பற்றிக் கேட்டேன். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. படித்து முடித்து, அவர் அத்தா கடையில் இருந்தார். வேலி போட்டது கோத்தோங் ரோயோங், ஊர்க் கூட்டுவேலை. கம்பெனி முள்கம்பியைக் கொடுத்தது. ஊரே சேர்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை போட்டது. பாய் தேத்தண்ணி வாளி தூக்கினார்.

"யாரு முன்ன நின்னு போட்டது பாய்?"

"வேற யாரு? தோட்டத்துல வேலி வேலை பாத்த ஆளு. உங்க பெரியப்பாதான்லா. உடையப்பன். உனக்குத் தெரியாதா?"

கடை முழுக்க ரொட்டி சானாய் வாசம். என் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அப்ப ஏன் மூலைய வெட்டினாங்க?"

"ரெண்டாவது ஞாயிறு கம்பி தீந்து போச்சுன்னாரு. 'அடுத்த மாசம் கம்பி வந்ததும் நேராக்கிருவோம்'ன்னாரு. அடுத்த மாசம் மழை. அதுக்கடுத்த மாசம் தீபாவளி. அப்புறம்… அப்படியே வுட்டாச்சு."

அப்படியே வுட்டாச்சு! பேச்சுவார்த்தை இல்லை, விட்டுக்கொடுப்பு இல்லை, ஒன்றும் இல்லை. கம்பி தீர்ந்துபோனது. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மூலை வரை போயிருந்தால் 139.5 மீட்டர். குறுக்கே போனதால் 99.96. மிச்சம் 39.54. வேலிக்கு ஐந்து வரிசைக் கம்பி. ஐந்தால் பெருக்கினால் 197.7. முள்கம்பிச் சுருள் ஒன்று 200 மீட்டர்.

சரியாக ஒரு சுருள் குறைந்திருக்கிறது. கம்பெனி அளந்துதான் கொடுத்திருக்கும். அந்த ஒரு சுருள் எங்கே?

மே 25, ஞாயிறு

பெரியப்பா இன்று சாப்பிட வரவில்லை. நான் போனேன். மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயை இன்னும் வேகமாகத் திறந்தார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. எத்தனையோ முறை முயற்சி செய்திருக்கிறேன், வேறு ஏதாவது வந்து விழும். அதனால் வரைபடத்தை மோட்டார் சைக்கிள் சீட்டில் விரித்தேன்.

"பெரியப்பா, இந்தச் சாய்வு வேலி நூறு மீட்டர். ஒரு முனைலேருந்து மறு முனைக்குக் கருவி வெச்சுப் பாத்தேன். நடுவுல ரெண்டு சென்டிமீட்டர் கூட பிசகல. இப்ப எங்க கம்பெனி ஆளுங்க கருவியோட போட்டாலும் இப்படி வராது."

குழாயை மூடினார். ஈர விரலால் சாய்வுக் கோட்டைத் தடவினார்.

"கயிறு புடிச்சுப் போட்டதுடா. வெறும் கயிறு."

"தெரியுது."

"மடையனுக்குக் கயிறு புடிக்கத் தெரியாதுல்ல?"

"தெரியாது பெரியப்பா."

அப்புறம் அவராகவே சொன்னார். அவரிடம் அப்போது ஏழு ஆடுகள். பள்ளிக்குள் புகுந்து தலைமையாசிரியர் வைத்த ரோஜாச் செடிகளை மேய்ந்துவிட்டன. மூன்று முறை. வேலி போடும் யோசனையே அந்த ஆடுகளால்தான் வந்தது. முதல் ஞாயிறு முடிந்ததும் ஒரு சுருளை வீட்டுக்கு எடுத்துப் போய் ஆட்டுப்பட்டி கட்டிவிட்டார்.

"வேலி எதுக்குடா? ஆடு பள்ளிக்கூடத்துக்குள்ள போகாம இருக்க. ஆட்ட அடச்சா என்ன, பள்ளிக்கூடத்த அடச்சா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே?"

எவ்வளவு யோசித்தாலும் இந்த வாதத்தில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"பாய்க்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. கம்பி தீந்து போச்சுன்னுதான் சொன்னேன். அத்தன பேரு வெயில்ல நின்னு குழி வெட்டினாங்க, நான் திருடிட்டேன்."

ஜூன் 18 வந்து இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். தோட்டத்துக்கும் பள்ளிக்கும் ஊருக்கும் முன்னால், எழுபது வயதில், முடியவே முடியாது. மறுபடி குழாயைத் திறந்துவிட்டார்.

மே 31, சனி

பள்ளி விடுமுறை. நான் பெரியப்பாவை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் கெடுத்துவிடுவேன் என்று தெரியும்.

டீச்சரிடம் மட்டும் சொன்னேன், வெளியே சொல்லாதீர்கள் என்று. சிரிப்பார் என்று நினைத்தேன். "பாவம்லா. இத்தன வருஷம் அந்த வேலியத் தாண்டித்தானே அவரு கடைக்குப் போயிருப்பாரு," என்றார். நான் அப்படி யோசிக்கவே இல்லை. வரலாற்றுக்காரர்கள் சில நேரம் உருப்படியாகப் பேசுகிறார்கள்.

வளர்ச்சி வரைபடம் முடிந்தது: 1968-இல் 104. 1974-இல் 316. 1983-இல் 590. பிறகு ரப்பர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, ஆட்கள் ஊரைவிட்டுப் போக, 1992-இல் 402. பள்ளியை மூடிவிடலாமா என்று கூடப் பேச்சு வந்ததாம். அப்புறம் செம்பனை போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. 2003-இல் 780, இன்று 1,846. கோடு ஒரு பள்ளத்தில் இறங்கி மலையேறுகிறது. பார்க்க அழகாக இருக்கிறது என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. ரூபினி 7.45-க்கு வர வேண்டியவள், வரவில்லை. பஸ் டயர் வெடித்து, தஞ்சோங் காராங் போகும் சாலையில் நின்றுவிட்டது. போனில் சார்ஜ் இல்லை. அம்மா வாசலில் நின்றார், உட்கார்ந்தார், மறுபடி நின்றார். பெரியப்பாவுக்கு யார் சொன்னார்களோ, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடிப் போய்விட்டார்.

8.50-க்கு அவளைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். அவள் சாதாரணமாகத்தான் இருந்தாள். "பஸ்ஸுல எல்லாரும் அந்தாக்ஷரி பாடினோம்," என்றாள். அம்மாதான் அழுதுகொண்டே திட்டினார்.

பெரியப்பா உள்ளே வரவில்லை. வண்டியை அணைக்காமலே என்னிடம், "பதினெட்டாந்தேதி எத்தன மணி?" என்றார்.

ஜூன் 18, புதன்

மாவட்ட அலுவலகம். காலை பத்து மணி. ஒரு பக்கம் புவான் ரொஸ்னா, டீச்சர், பாய், நான், பெரியப்பா. மறுபக்கம் பாலன் சாரும் அவருடைய கணக்கெழுதும் கிராணியும். பெரியப்பா கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், மடிப்பு கூடக் கலையாமல்.

நான் கல், எண், அளவு எல்லாம் காட்டினேன். பாலன் சார் மறுபடி, "ஒத்துப்போகாமலா மூலைய வெட்டினாங்க?" என்றார்.

பெரியப்பா எழுந்தார். நன்றாக மலாய் பேசுவார், ஆனால் தமிழில்தான் தொடங்கினார். டீச்சர் அதிகாரிக்கு மொழிபெயர்த்தார்.

"யாரும் ஒத்துப்போகல ஐயா. ஒரு சுருள் கம்பிய நான் எடுத்துட்டேன். ஆட்டுப்பட்டி கட்ட. கம்பி பத்தல, அதனால குறுக்கப் போட்டேன். அப்புறமா நேராக்கலாம்னு இருந்தேன். இருந்துட்டேன்."

பாய் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார். நான் பாயைப் பார்க்கவில்லை, பயம்.

"ஓய் உடையப்பா," என்றார் பாய். "நாப்பத்தாறு வருஷம்! அந்த ஆட்டுல ஒண்ணத்தானே நம்ம கடைக்கு வித்தீரு? நானும் கூட்டாளியா இதுல?"

முதலில் சிரித்தது அதிகாரி. மொழிபெயர்ப்பு வரும் முன்பே சிரித்துவிட்டார், முகங்களைப் பார்த்தே. அப்புறம் எல்லோரும். பாலன் சார் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் கணக்குத் தாளை நீட்டினேன்: 197.7 மீட்டர், ஒரு சுருள் 200. அவர் இரண்டு முறை பெருக்கிப் பார்த்தார்.

"இது வரைக்கும் பேசி விட்டுக்கொடுத்ததுன்னே நெனச்சோம். அப்படி இல்லன்னா எங்களுக்கு அங்க வேலை இல்ல," என்றார். முப்பத்தொரு மரத்திலும் இந்த அறுவடையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் அவர்களே மரத்தை எடுத்துவிடுவார்கள். கையெழுத்து 11.25-க்கு.

படியிறங்கும்போது டீச்சர் பெரியப்பாவிடம், வரலாற்றுப் புத்தகத்தில் கம்பி போதவில்லை என்று மட்டும் எழுதட்டுமா என்று கேட்டார்.

"சொன்னது சொல்லியாச்சு. ஏழு ஆடுன்னு எழுதுங்க டீச்சர். அதுல ஒண்ணு குட்டி."

ஜூன் 22, ஞாயிறு

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெரியப்பாவை யாரும் திருடன் என்று சொல்லவில்லை. 'பட்டி' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். முறைத்தார், ஆனால் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மூன்றாவது விண்ணப்பத்துக்குப் பதில் கடிதம் வந்தது. நிரந்தரக் கட்டடம் அடுத்த திட்டத்தில். மூன்று வருஷம் ஆகும். எரிச்சலில் தாளைக் கசக்கப் போனேன். டீச்சர் பிடுங்கி, "ரெண்டாவது பக்கத்தைப் படிங்கலா," என்றார்.

இரண்டாவது பக்கம்: அதுவரைக்கும் பெட்டி வகுப்பறைகள், பதினெட்டு. தொழிற்சாலையில் செய்து லோரியில் கொண்டுவந்து அடுக்குவது. மூலை நிலத்தில். டிசம்பருக்குள்.

நான் எப்போதும் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறேன்.

நவம்பர் 15, சனி

முதல் பெட்டியைக் கொண்டுவந்த லோரி களிமண்ணில் அச்சு வரை இறங்கிவிட்டது. மழைக்காலத்தில் இரும்புத் தகடு விரிக்காமல் கனரக வண்டியை இறக்காதே என்று ஒப்பந்தக்காரரிடம் மூன்று முறை சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். இழுக்க பாலன் சார் தோட்டத்து டிராக்டரை அனுப்பினார். அதுவும் இறங்கிவிட்டது. கடைசியில் மண் வெட்டும் இயந்திரம் வந்து இரண்டையும் இழுத்தது. பள்ளிப் பிள்ளைகள் விடுமுறை நாளிலும் வந்து நின்று ஒவ்வொன்றுக்கும் கை தட்டினார்கள்.

பாய் கடையிலிருந்து தேத்தண்ணி வந்தது. வாளியில்.

டிசம்பர் 20, சனி

பதினெட்டும் நின்றுவிட்டன. இரண்டு அடுக்கு, ஒன்பது ஒன்பதாக. மட்டம் பார்த்தேன். பத்தாவது மட்டும் ஆறு மில்லிமீட்டர் சாய்கிறது. திருத்தச் சொன்னேன். "பென்சில் உருளாதுலா," என்றார்கள். உருட்டிக் காட்டினேன். திருத்தினார்கள்.

2026 ஜனவரி 12, திங்கள்

பள்ளி திறந்தது. முழுப் பள்ளியும் காலையில். படிவம் ஒன்று, இரண்டு எல்லாம் மூலை வகுப்பறைகளில். சபைகூடலில் நிற்க இடம் போதாமல் திடல் வரை வரிசை. புவான் ரொஸ்னா ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டே அழுதாராம். ரூபினிதான் சொன்னாள்.

அவள் 3.05-க்கு வீட்டுக்கு வந்தாள். அம்மா இரண்டரைக்கே வந்துவிட்டார். நான் மேசையில் தஞ்சோங் காராங் கால்வாய் வேலைக்கு வரைந்துகொண்டிருந்தேன். 3.10-க்குச் சண்டை ஆரம்பம். சாப்பாட்டுப் பெட்டியில் பாதி அப்படியே வந்திருக்கிறது.

"ஏன்டி சாப்பிடல?"

"அந்தப் புடலங்கா எனக்குப் புடிக்காதும்மா."

"எப்போலேருந்து?"

"எப்பவுமே!"

"எனக்கு எப்படி தெரியும்?"

"அதான் இப்ப சொல்றேன்ல!"

3.40-க்குச் சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் புது வகுப்பாசிரியை, பக்கத்து இருக்கைக்காரி, அவளுடைய அண்ணன், அந்த அண்ணனின் மோட்டார் சைக்கிள், பிறகு எதற்கென்றே தெரியாத சிரிப்பு. 5.20 வரை நிற்கவே இல்லை. நான் வரைந்தது மொத்தம் ஒரே ஒரு கோடு, அதுவும் தப்பு.

இனிச் செய்ய வேண்டியவை:

1. மூலையின் பின்புற வடிகாலுக்குச் சாய்வு போதாது. நாளையே சொல்ல வேண்டும், எழுத்தில்.
2. நிரந்தரக் கட்டடத்துக்கு மண் சோதனை. ஒரு துளை போதும் என்கிறார்கள். மூன்று வேண்டும். விடக் கூடாது.
3. இந்த ஆண்டு எண்ணிக்கை 1,902. டீச்சரின் புத்தகம் அச்சுக்குப் போகும் முன் கொடுக்க வேண்டும். கோட்டை இன்னும் கொஞ்சம் மேலே இழுக்க வேண்டும்.
4. புதிய வேலிக்குப் பெரியப்பாதான் கயிறு பிடிப்பாராம். என் கருவி வேண்டாமாம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போக வேண்டும்.
5. மத்தியானத்தில் வீட்டில் வரைவதை நிறுத்திவிட்டு அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். இங்கே பேச்சுச் சத்தம் தாங்க முடியவில்லை.